மழை பெய்யும் ஸ்டேஜ்

அவர் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அடுத்து, செல்போனை அணைத்து வாசலில் தொங்கும் துணிப்பையில் போட வேண்டும். பாலியஸ்டர் சட்டையாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, அவர் தரும் பருத்தித் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டும். கடைசியாக, நிலையில் ஆணியடித்து வைத்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். தகட்டிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போயிருக்கும்.

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தகடு தெரியும். மருந்து கலக்கும் ரூமுக்குள் நுழையும் முன் அதைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சின்னப் பொறி போதும். ஆனால் அவர் வீட்டுக்குள் மருந்து எதுவும் கிடையாது. ஒரு குண்டு டிவி, ஒரு பழைய டிவி கேம் பெட்டி, சுவர் முழுக்க அதில் போட்டு விளையாடும் கேசட்டுகள். அவ்வளவுதான்.

"எதுக்கு மாமா இம்புட்டுக் கெடுபிடி? விளையாட்டுச் சாமான்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில், பக்கத்தில் போய்க் கத்தினால் பேச்சு மட்டும் கொஞ்சம் விளங்கும். பாட்டு, மணிச்சத்தம் எதுவும் ஏறாது.

"கேசட்டுக்குள்ள இருக்க சில்லுக்கு ஒடம்புக் கரண்டு ஆகாதுன்னு நீதானலே சொன்ன?" என்றார்.

பேச்சுவாக்கில் ஒருநாள் சொல்லியிருந்தேன். மறுவாரமே தகடு வந்துவிட்டது.

அவர் என் அம்மா வேலை பார்த்த கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வெம்பக்கோட்டை போகும் வழியில் இருந்த கம்பெனி, இப்போது இல்லை. அம்மா அவரை 'அண்ணே' என்பாள், அதனால் எனக்கு மாமா. டிப்ளமோ முடித்துவிட்டு நான் சிவகாசியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்த மூன்று வருடங்கள்தான் அவரோடு எனக்குப் பழக்கம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து போட வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால் தெருவில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. எக்ஸ்ரே படத்தைக்கூட என்னிடம் கொண்டுவந்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எலும்பு கூடிருச்சாய்யா?" என்று கேட்பார்கள். தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நாளில் நானும் "கூடிருச்சு, கூடிருச்சு" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

அந்த மரியாதையில்தான் அவரும் கடைக்கு வந்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய டிவி கேம் பெட்டி ஒன்றை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தீக்காயத்தில் ஒட்டி ஒரே விரலாகியிருந்தன.

"இதுக்கு உசுரு வருமா, மருமவனே?"

அடாப்டர்தான் போயிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்கக் கேசட்டைச் செருகும் முன், சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்த மாதிரி அதன் வாயில் 'ப்பூ' என்று ஊதினேன். படாரென்று கையைத் தட்டிவிட்டார்.

"ஏலே, ஊதாத! எதையும் ஊதாத!"

கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்து சிந்தினால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பது கம்பெனிப் பாடம். அவர் கம்பெனியை விட்டு வந்து ஐந்தாறு வருடமாகியும் பாடம் அவரை விட்டுப் போகவில்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, கேசட்டின் பல் வரிசையை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் பெட்டியில் செருக விடுவார்.

அவரிடம் எத்தனை கேசட்டு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை ஆட்கள் மூன்று பேரும் முதலாளியுமாக அவர் வீட்டுக்குப் போனோம். செருப்பு, செல்போன், சட்டை, தகடு எல்லாம் முடிந்தது. மூன்று பேரை உள்ளே விட்டார். முதலாளிக்கு முன்னால் கையை நீட்டி மறித்துவிட்டார்.

"என்னையும் சேத்து நாலு. ரூமு அதுக்கு மேல தாங்காது. நீங்க வெளிய இருங்க அண்ணாச்சி."

"ஏய்யா, நான் என்ன வெடிக்கவா போறேன்?" என்றார் முதலாளி. நாங்கள் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. "அஞ்சாவதா வந்தவுக யாரும் வெடிக்கணும்னு வந்ததில்ல அண்ணாச்சி" என்றார்.

முதலாளி வெயிலில் நின்று, பஸ் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர் மாதிரி, தலையை மட்டும் ஜன்னல் கம்பிக்குள் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். கடைக்குத் திரும்பியதும், "கிறுக்கு முத்திப்போன ஆளுப்பா" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

"லேபிள நம்பாத." இது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. டிவி கேம் கேசட்டுகள் பெரும்பாலும் திருட்டுச் சரக்கு. வெளியே கார் படம் போட்டிருக்கும், உள்ளே வாத்துச் சுடுகிற விளையாட்டு இருக்கும். நூறு விளையாட்டு என்று போட்டிருப்பார்கள். நாலு விளையாட்டையே பெயர் மாற்றி மாற்றி நிரப்பியிருப்பார்கள். "நம்மூரு வெடிப் பெட்டியேதான்" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு அந்தப் பேச்சை எல்லாவற்றுக்கும் நீட்டிக்கொண்டு போவார். சாத்தூர்ச் சேவு என்று எழுதியிருந்தாலும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல இடம் என்று தரகர் சொன்னால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். "ஒன் சர்ட்டிபிகேட்டும் லேபிளுதாம்லே. உள்ள என்ன இருக்குன்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கேசட்டுகளைச் சாத்தூர், விருதுநகர் பழைய சாமான் கடைகளிலும், மதுரை நடைபாதைக் கடைகளிலும் பொறுக்கி வருவார். வீடு வீடாகப் போய், "பழைய டிவி கேம் கேசட்டு பரண்ல கெடக்குதாம்மா?" என்றும் கேட்பார். ஒவ்வொன்றையும் கடைசி விளையாட்டு வரை போட்டுப் பார்ப்பார். 'இது இல்லை' என்று ஆனதும் அச்சாபீசில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் தாளில் சுற்றி அடுக்கிவிடுவார். அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தால் தீபாவளிக் கடை மாதிரி இருக்கும். சேவலும் மயிலும் அம்மன் படமுமாக, மையம் விலகி அச்சான சிவப்பும் பச்சையும். அத்தனையும் அவர் தேடியது இல்லாத கேசட்டுகள்.

அவர் தேடியது ஒன்றே ஒன்று. அவர் மனைவி விளையாடிய விளையாட்டு.

அந்த அத்தையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் பகுதியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு தீபாவளி போனஸில் எல்லாப் பெண்களும் சேலையும் குக்கரும் வாங்க, அத்தை தனக்கென்று ஒரு டிவி கேம் வாங்கினார். தெருவே சிரித்தது. அம்மா நேராகவே கேட்டாள்: "ஏன் மதினி, ஒங்களுக்கு என்ன அஞ்சு வயசா?" அத்தை, "ஆமா, நீ வேணா ஆறு வயசுன்னு வச்சுக்க. சாயங்காலம் வா, ஒனக்கும் ரிமோட்டுத் தாரேன்" என்றார். தினமும் வேலை முடிந்து, கையில் ஒட்டிய பசையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, உலை கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து விளையாடுவார்.

"நான் ஒரு நா கூடத் திரும்பிப் பாத்ததில்ல" என்று மாமா என்னிடம் சொன்னார். "சீசன் நேரம். வந்ததும் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துருவேன். சத்தம் மட்டும் கேக்கும். அவ சொல்லிக்கிட்டே இருப்பா. இன்னைக்குப் பாலத்தத் தாண்டிட்டேன், இன்னைக்கு மழை பெய்யுற ஸ்டேஜுக்குப் போயிட்டேன், திரும்பிப் பாருங்க, எம்புட்டு அழகா இருக்குங்கறேன்னு. மழை பேஞ்சா சரக்குக் காயாது, எல்லார் பொழப்பும் போச்சு, இதுலயுமா மழை, அணைச்சுட்டுப் படுன்னு சொல்லுவேன்."

விளையாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. படம் பார்த்ததில்லை. அவரிடம் இருந்த அடையாளம் இரண்டுதான். ஒன்று, பாலத்துக்கு அப்பால் மழை. இன்னொன்று, அந்த விளையாட்டின் பாட்டு. அதன் ராகம் போய்விட்டது. தாளம் மட்டும் தங்கியிருந்தது. சரம் கொளுத்தி எத்தனை வெடித்தது, எத்தனை ஊமையாய்ப் போனது என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்ன போர்மேன் அவர். அந்தத் தாளத்தைத் தொடையில் தட்டிக் காட்டுவார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி, நீண்ட நிறுத்தம், ஒரு அடி. எப்போது தட்டினாலும் மாறாது.

கேசட்டு ஓடும்போது டிவியின் ஒலிபெருக்கிமேல் இடது உள்ளங்கையை வைப்பார். அதிர்வு கையில் ஏறும். வலது கை தொடையில் தட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். கைக்குச் சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். நான்தான் அவர் காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று வருடம் அந்தத் தாளத்தைத் தேடிக் கேட்டேன்.

செல்போனில் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை இறக்கிக்கொள்ளலாம், ஒரே வாரத்தில் தேடிவிடலாம் என்று ஒருமுறை எழுதியே காட்டினேன். படித்துவிட்டு, "அவகிட்ட இருந்தது திருட்டுக் கேசட்டுல்ல? வேற விளையாட்டுப் பாட்ட இதுல ஒட்டி, இதுல உள்ள ஆள அதுல ஒட்டி வச்சிருப்பானே. அந்தத் தப்பெல்லாம் ஒன் போன்ல இருக்குமா?" என்று கேட்டார். இருக்காது. அந்த மாதிரிச் சரக்குக்கு எந்தப் பட்டியலும் கிடையாது.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது, சீரகம் புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "இருந்தப்ப ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா இப்ப இம்புட்டு அலைய வேண்டாம்ல?" சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

விபத்தைப் பற்றி அவர் ஒரே ஒருமுறைதான் பேசினார். லாரி வாசலில் நின்றிருக்கிறது. லோடு ஏற வேண்டும். மருந்து அடைக்கும் ரூமில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர்தான் இருக்கலாம். வேலை நகரவில்லை. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "அரை மணி நேரம் அங்கன போயி கை குடு" என்று சொன்னவர் அவர்தான். வேறு பெண்களைச் சொன்னால் சட்டம் பேசுவார்கள், தன் வீட்டுக்காரி என்றால் பேசமாட்டாள் என்று நினைத்தாராம். இவர் வெளியே நின்று லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ரூம் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களை இழுக்க ஓடியதில் கை வெந்தது. காது அந்தச் சத்தத்திலேயே போனது.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வீடு காலி. அத்தையின் அக்கா காரியாபட்டியிலிருந்து வந்து, தங்கள் வீட்டுச் சீர் என்று பாத்திரம், சேலை, டிவி கேம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார். ஆள் விட்டுக் கேட்டதற்கு, விளையாட்டுச் சாமானைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று என்று பதில் வந்தது. அதனால்தான் கடை கடையாக அலைந்தார். காரியாபட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. போகிற தைரியம் அவருக்கு இல்லை.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்த மாதம், அந்த அக்கா வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்ததில் கேசட்டு மூட்டை ஒன்று இறங்கியிருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர் வந்து சொன்னார். மாமா மறுநாளே போனார்.

"வாங்கன்னு சொல்லலலே" என்றார் திரும்பி வந்து. அதை ஒரு புகாராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "வாசல்லயே நின்னேன். என் மூஞ்சியப் பாக்கல. வெள்ளையடிக்கிறவன்கிட்ட, அங்கன நிக்கிற ஆளுகிட்ட அந்தச் சாக்கக் குடுத்துருன்னு சொன்னாக. காது கேக்கல, வாய் அசைஞ்சத வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

யூரியாச் சாக்கில் பதினோரு கேசட்டு. அது ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்கு எனக்கு ஓசூர் பஸ்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். அன்று துடைக்கும்போது ஸ்பிரிட்டைச் சிந்தினார். ஒரு கேசட்டுக்கு இருபது முப்பது விளையாட்டு. முதல் கேசட்டு முடிய ஒரு மணி நேரமானது. இரண்டாவது முடிந்தபோது நாலேமுக்கால். நான் இன்னும் பெட்டி கட்டவில்லை. அம்மா வாசல்வரை வந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டிவிட்டுப் போனாள்.

"நீ போயிட்டா எனக்குக் காது யாருலே?" என்றார் அவர். கேசட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

மூன்றாவது கேசட்டில் ஐந்தாவது விளையாட்டு. ஒரு சின்ன ஆள் காட்டுக்குள் ஓடுகிறான். எனக்கு அது தெரிந்த விளையாட்டு. ஆறாம் வகுப்பில் நண்பன் வீட்டில் கடைசிவரை முடித்திருக்கிறேன். காடு, குகை, பாலம், கோட்டை. மழை கிடையாது.

"மாமா, இதுதான்" என்றேன்.

அவர் அசையவில்லை. உள்ளங்கை டிவிமேல் இருந்தது. தொடையில் வலது கை தட்டியது. இரண்டு அடி, நிறுத்தம், மூன்று அடி. டிவியில் பாட்டு வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒட்டாமல் போவதை நானே பார்த்தேன்.

"தாளம் முந்துதே மருமவனே."

"வேற பெட்டியில அப்படித்தான் கொஞ்சம் வேகமா ஓடும் மாமா. எனக்கு நல்லாக் கேக்குது. இதுதான்." காதருகே கத்திச் சொன்னேன்.

என் முகத்தையே பார்த்தார். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களின் முகம் அது. பிறகு கையை டிவியிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீ படிச்சவன். நீ சொன்னாச் சரிதான்" என்றார். "இதுல பாலம் இருக்கா?"

"இருக்கு."

இருந்தது. அந்த ஒட்டிய விரல்களோடு அவர் பாலம்வரை வரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மழையை எதிர்பார்த்துக்கொண்டே நிம்மதியாக இருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டுமுன் தூங்கிவிட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். செருப்பு, செல்போன், தகடு. உள்ளே சுவர் காலியாக இருந்தது. மயிலும் சேவலும் ஒன்றும் இல்லை. கேசட்டு அடுக்கியிருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"எல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன். அதான் கெடச்சிருச்சே."

"அந்தச் சாக்குல மிச்சம் எட்டு இருந்துச்சே மாமா? நாம போட்டே பாக்கலையே?"

"அதையுந்தான். அதையும் எதுக்கு வச்சுக்கிட்டு?"

லேபிளை நம்பாதே என்று ஊரெல்லாம் சொன்னவர் நம்பிய ஒரே லேபிள் நான்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடிக் காட்டினார். கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது. காட்டைத் தாண்டினார். குகையைத் தாண்டினார். நான் வரவே மாட்டார் என்று நினைத்த பாலத்துக்கு வந்து, அதன்மேல் அந்தச் சின்ன ஆளை நிறுத்திவிட்டு ரிமோட்டைத் தரையில் வைத்தார். வானம் நீலமாக, ஒரு மேகம்கூட இல்லாமல் இருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் முடிந்து ஆள் செத்தான்.

"இங்கனவரைக்கும் வந்துருதேன். மழைதான் வரமாட்டேங்குது" என்றார். "பாலத்தத் தாண்டுனா வரும்போல. தாண்டத்தான் முடியல, ஒரு குழி இருக்கு. நான்தான் எதோ தப்பா விளையாடுதேன். அவ நல்லா விளையாடுவா."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் போடுவதற்கு அந்த எட்டுக் கேசட்டும் இல்லை. அடுக்கிய சுவரும் இல்லை.

அவர் ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ தாண்டிக் குடு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒரு தடவ அந்த மழையப் பாத்துட்டா எனக்குப் போதும்."

விளையாடினேன். காடு. குகை. என் விரல்களுக்கு எல்லாம் மறக்காமல் இருந்தது. பாலத்தின் கடைசியில் அந்தக் குழி. தாண்டினால் கோட்டை, வெயிலில் நிற்கும் கோட்டை. அவர் டிவியின் பக்கமாக நகர்ந்து, இந்த முறை முகத்தைத் திருப்பாமல், கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாவவேண்டிய இடத்தில் நான் பட்டனை அழுத்தவில்லை. சின்ன ஆள் குழிக்குள் விழுந்தான்.

"பரவால்லலே" என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "விடு, விடு. அவளும் மொதல்ல அங்கனதான் விழுவா. இன்னொருக்கா ஆரம்பத்துலருந்து வா."